கஞ்சா மிகைவாந்தி: சொல் விளக்கம்

மருத்துவர்கள் சீட்டில் எழுதும் பெயர் ‘கன்னபினாய்டு ஹைப்பர்எமிசிஸ் சிண்ட்ரோம்’. நெடுங்காலமாக அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு வரும் கோளாறு. காலையில் குமட்டல், அப்புறம் நிற்காத வாந்தி, வயிற்றுவலி. சில நாளில் அடங்கும். கஞ்சாவைத் தொடர்ந்தால் திரும்ப வரும்.

‘கன்னபிஸ்’ (கஞ்சா), ‘ஹைப்பர்’ (மிகை), ‘எமிசிஸ்’ (வாந்தி) எல்லாம் கிரேக்கம் வழி வந்தவை. ‘சிண்ட்ரோம்’ என்பதும் அப்படியே. சேர்ந்து ஓடுவது என்று பொருள். அறிகுறிகள் கூட்டமாக வருவதால் தமிழில் ‘நோய்க்குறித் தொகுப்பு’ என்கிறோம்.

இந்தப் பெயர் 2004-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. அவர்கள் கவனித்த நோயாளிகள் ஓயாமல் வெந்நீரில் குளித்துக்கொண்டே இருந்தார்கள். சூடு உடம்பில் பட்டுக்கொண்டிருக்கும்வரைதான் நிம்மதி. வெளியே வந்தால் மறுபடி குமட்டல். பெயரில் இல்லாத இந்த வெந்நீர்தான் மருத்துவருக்குப் பெரிய துப்பு. மிளகாய்க் காரப் பொருளான கேப்சைசின் களிம்பை வயிற்றில் தடவுவதும் சிலருக்கு உதவுகிறது. வழக்கமான வாந்தி மாத்திரைகள் பல நேரம் எடுபடுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்து, கீமோதெரபி வாந்தியை நிறுத்தும் மருந்தாக 1985-இல் அமெரிக்கா ஏற்றது. அதனால் நோயாளிகள் பலரும் கஞ்சாவைச் சந்தேகிப்பதே இல்லை. குமட்டல் தீர இன்னும் கொஞ்சம் புகைக்கிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கஞ்சா வாந்தி’ சுருக்கம்தான், ஆனால் முதல்முறை அளவு மீறிப் புகைத்துவிட்டு எடுக்கும் வாந்தியையும் அது குறிக்கும். ‘வாந்தி’ வடசொல் என்று ‘கக்கல்’ போடலாம். எனக்கு அது பால் குடித்த குழந்தை கக்குவதைத்தான் நினைவூட்டுகிறது. ஈழத்தில் ‘சத்தி’ என்பார்கள், அதுவும் வடமொழி வழிதான். ஆகவே முழுப்பெயர் ‘கஞ்சா மிகைவாந்தி நோய்க்குறித் தொகுப்பு’. பேச்சுக்குக் ‘கஞ்சா மிகைவாந்தி’ போதும்.

அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘ஸ்க்ரோமிட்டிங்’ என்றும் ஒன்று உண்டு, அலறலையும் வாந்தியையும் ஒட்டிய சொல். வலியில் கத்திக்கொண்டே வாந்தி எடுப்பதைக் குறிப்பது. செய்தித் தலைப்புக்கு அது கவர்ச்சி. மருத்துவச் சீட்டுக்கு வேண்டாம். நீரிழப்பால் சிறுநீரகம்வரை பாதிக்கக்கூடிய நோய் இது. கஞ்சாவை அடியோடு விட்டால்தான் தீரும். விட்ட பிறகும் முழுதாகச் சரியாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.