பிஹெச் 7.8 என்று பதறி பாட்டிலைத் திறக்கும் முன்

"அண்ணே, அக்ரோபோரா நுனியெல்லாம் வெள்ளையாப் போகுது. தண்ணியில தப்பே இல்லையே, தினமும் பிஹெச் பார்த்துத்தானே ஊத்துறேன்!"

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்திலிருந்து வந்த அழைப்பு. அக்ரோபோரா, கிளைகிளையாக வளரும் ஒரு பவளம். 'தினமும் ஊத்துறேன்' என்றதுமே எனக்குப் பாதி கதை தெரிந்துவிட்டது. இங்கே வீட்டுக் கடல்தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. பவளம் சாகும் வீடுகளில் அக்கறை மிகுதியில் ஊற்றிக் காலியான பஃபர் பாட்டில் (பிஹெச்சை ஏற்றும் கரைசல்) ஒன்று அலமாரியில் அடிக்கடி கிடைக்கும்.

வளரும் அக்ரோபோராவின் நுனியும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால், போனதும் முதலில் பூதக்கண்ணாடியைத்தான் எடுத்தேன். உயிருள்ள நுனியில் மெல்லிய தோல் தெரியும். இங்கே தோல் உரிந்து வெறும் சுண்ணாம்பு எலும்பு நின்றது. சூட்டில் வெளுப்பது வேறு: அப்போது தோல் இருக்கும், அதற்குள் வாழும் பாசிதான் வெளியேறியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு விளக்கைக் குறைப்பவர்கள் உண்டு.

300 லிட்டர் தொட்டி. உப்பு 35, சரி. கால்சியம் 390 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நைட்ரேட் சோதனைக் குழாயில் நிறமே ஏறவில்லை. ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன், 13.4 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு). மூன்று வாரத்துக்கு முன் அவரே நோட்டில் எழுதி வைத்திருந்தது 8.2. பம்பைக் கழற்றினால் சுற்றிலும் வெள்ளைப் படிவு, மூலையில் மணல் கட்டிதட்டிக் கிடந்தது. ஊற்றிய பஃபரில் ஒரு பங்கு, தண்ணீரிலிருந்த கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு சுண்ணாம்பாக இறங்கியிருக்கிறது.

ஏன் ஊற்றினார்? காலை 7 மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், பிஹெச் 7.8 காட்டியதாம். புத்தகத்தில் 8.3 என்று போட்டிருந்ததாம். மூன்று வாரம் ஊற்றி 8.0 வரை கொண்டுவந்திருந்தார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஊரிலிருந்து அவருடைய அப்பா அம்மா வந்து ஒரு மாதமாகிறது. தொட்டி இருக்கும் ஹாலில்தான் அவர்களுக்குப் படுக்கை. இரவு முழுக்க ஏர்கான், ஜன்னல் எல்லாம் சாத்தல். பையிலிருந்த சின்ன மீட்டரை வைத்ததும் கரியமில வாயு 1,200 பிபிஎம் காட்டியது. வெளிக்காற்றில் அது 420 பக்கம்தான்.

பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் உறிஞ்சுகுழல் வைத்து ஊதினோமே, தண்ணீர் பால்போல் ஆகுமே, அதே மூச்சுதான். கரியமில வாயு கடல்நீரில் கரைந்தால் கார்போனிக் அமிலமாகி பிஹெச்சைக் கீழே இழுக்கும். காற்றில் அந்த வாயு இரட்டிப்பானால் பிஹெச் சுமார் 0.3 இறங்கும். வாயுவை அப்படியே விட்டுவிட்டு அந்த 0.3ஐ பஃபர் ஊற்றியே மீட்க நினைத்தால் ஆல்கலினிட்டியை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். 8ல் இருப்பது 16 ஆக வேண்டும். எந்தப் பவளம் தாங்கும்? அதிலும் அதிகாலையில் பிஹெச் இயல்பாகவே அடிமட்டத்தில் இருக்கும். இரவில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது, எல்லா உயிரும் சுவாசிக்க மட்டுமே செய்யும்.

அவர் நம்பவில்லை. ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வெளித் தாழ்வாரத்தில் வைத்து, குமிழ் விடும் காற்றுக்கல்லைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். 8.0 இருந்தது 8.4 ஆனது. ஒரு சொட்டு மருந்து சேர்க்கவில்லை. உங்கள் தொட்டியில் பிஹெச் குறைந்தால் பாட்டிலைத் தொடும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வெளியே வைத்ததும் ஏறினால் கோளாறு உங்கள் ஹாலின் காற்றில்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா முகம் வாடி, "நாங்க மூச்சு விட்டதாலயா தம்பி செத்துச்சு?" என்றார். சமாதானப்படுத்த நேரமாயிற்று. 7.8ல் பவளம் சாகாது, கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

கொன்றது வேறு. இயற்கைக் கடலில் ஆல்கலினிட்டி 7 டிகேஹெச் அளவில்தான் இருக்கிறது. கால்சியம் 420, மெக்னீசியம் 1,300 பக்கம். தொட்டியில் 7 முதல் 9க்குள் எந்த எண்ணில் வேண்டுமானாலும் நிறுத்துங்கள், ஆனால் அதே எண்ணில் நிறுத்துங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் என்று பெருமைப்படும் தொட்டிகளில் ஆல்கலினிட்டி ஏறினால் நுனி இப்படித் தோலுரிந்து கருகுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எலும்பு முந்திக்கொண்டு வளர்கிறது, ஊட்டமில்லாத தோல் பின்தங்குகிறது என்பார்கள். நைட்ரேட் கொஞ்சம் இருக்கட்டும். படிகம் மாதிரி தண்ணீர் மனிதக் கண்ணுக்குத்தான் அழகு.

பதறிப்போய் ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் மிச்சமும் போயிருக்கும். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் எந்தப் பக்கமும் நகர்த்தக் கூடாது. பஃபரை நிறுத்தினோம், இரண்டு நாளுக்கொருமுறை 10 சதவீதம் மாற்றினோம். உப்பு வாளியையும் சோதித்துப் பாருங்கள். சில உப்புகள் கரைத்ததுமே 11, 12 காட்டும், அதை வைத்துக்கொண்டு ஆல்கலினிட்டியை இறக்க முடியாது. ஸ்கிம்மர் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்று இழுக்கும் குழாயோடு ஒரு சிலிகான் குழாயை இணைத்து ஜன்னலுக்கு வெளியே விட்டோம். ஸ்கிம்மர் நுரைக்கும் ஒவ்வொரு குமிழிலும் இனி வெளிக்காற்று. செலவு சில சிங்கப்பூர் வெள்ளிதான்.

இதில் ஒரு சிக்கல், இந்தோனேசியக் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம். 2015 செப்டம்பரில் பள்ளிகளையே ஒருநாள் மூடினார்களே, அந்த வாரங்களில் எல்லா வீட்டிலும் ஜன்னல் அடைப்பு, எல்லாத் தொட்டியிலும் பிஹெச் சரிவு. குழாயை வெளியே விட்டால் புகையை உறிஞ்சும். அப்போதுதான் மயக்க மருந்துக் கருவிகளில் போடும் சோடா சுண்ணாம்பு மணிகளை ஒரு குப்பியில் அடைத்து, ஸ்கிம்மர் காற்றை அதன் வழியே இழுக்க வைக்கப் பழகினேன். மணிகள் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தீர்ந்தால் ஊதா நிறமாகும் வகையை வாங்கினால் மாற்றும் நேரம் தெரியும். ஜன்னல் திறக்க வழியில்லாத வீடுகளுக்கு இன்றும் அதுதான்.

பொங்கோல் தொட்டியில் ஆல்கலினிட்டி இப்போது 8.1. காலை பிஹெச் 8.0, மாலையில் 8.2. இரண்டு அக்ரோபோரா போய்விட்டன. மூன்றாவதை, கருகிய பகுதிக்குக் கீழே வெட்டி ஒட்டியிருக்கிறோம். அடிப்பக்கம் தோல் பரவத் தொடங்கியிருக்கிறது. அப்பா அம்மா இன்னும் ஹாலில்தான் படுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பது அம்மாவின் வேலையாகிவிட்டது.