கிட் லென்ஸுக்கு அடுத்து எது? வளையத்தில் இருக்கும் எண்களைப் படியுங்கள்

தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே மடங்கும் கண்ணாடி உள்ள) கேமராவோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான். அதன் முன்வளையத்தில் 18-55 என்றும், பக்கத்தில் 1:3.5-5.6 என்றும் அச்சிட்டிருக்கும். அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதற்குப் பாதிப் பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. கடைக்குப் போகும் முன் அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சம்.

இரண்டாவது சோடியை முதலில் பார்ப்போம். 3.5, 5.6 என்பவை லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், அதிகபட்சம் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்பவை. எண் சிறிதானால் திறப்பு பெரிது. தலைகீழாகத் தோன்றினாலும் கணக்கு எளிது: குவியத் தூரத்தை, அதாவது மி.மீ.-ல் சொல்லும் முதல் சோடி எண்ணை, இந்த எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் கிடைத்துவிடும். கிட் லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால் 55 ÷ 5.6, சுமார் 10 மி.மீ. 50 மி.மீ. 1.8 பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸில் 50 ÷ 1.8, சுமார் 28 மி.மீ. படத்தைப் பதியும் சென்சாருக்கு வரும் வெளிச்சம் இந்த எண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் தெரியும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7. கிட்டத்தட்டப் பத்து மடங்கு!

டியூப் லைட் மட்டும் எரியும் வீட்டு அறையில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். அங்கே ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600, அப்பர்ச்சர் 5.6 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/30 நொடி அளவில்தான் நிற்கும். ஓடியாடும் குழந்தை அதில் கோடாக இழுபட்டுவிடும். அதே ஐஎஸ்ஓவில் 1.8-க்குத் திறந்தால் ஷட்டர் 1/300-ஐத் தொடும். குழந்தை உறைந்து நிற்கும். கிட் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே சரிக்கட்டும், எதிரில் ஓடுகிறவரை நிறுத்தாது. இந்த வித்தியாசம் புரியாமல் அந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் நிறைய.

1.8-க்கு ஒரு விலையும் உண்டு. திறப்பு பெரிதாகும்போது ஃபோகஸில் இருக்கும் ஆழம் குறைந்துவிடும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸை 1.8-ல் வைத்து ஒன்றரை மீட்டரில் நிற்பவரை எடுத்தால், துல்லியமாக விழும் ஆழம் ஆறரை சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்றே சென்டிமீட்டர். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். 'லென்ஸ் சரியில்லை' என்று கடைக்குத் திரும்பி வரும் புகார்களில் பல இந்த வகை. ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். அப்பர்ச்சரை 2.8-க்குக் குறைத்தால் ஒன்றரை மீட்டரில் ஆழம் பத்து சென்டிமீட்டர் ஆகும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 4-க்குப் போய்விடுவது நல்லது.

இனி முதல் சோடி. 18, 55 என்பவை குவியத் தூரம். எவ்வளவு அகலமாகக் காட்சி விழும் என்பதை அதுவும் சென்சாரின் அளவும் சேர்ந்து தீர்மானிக்கும். பழைய ஃபிலிம் அளவிலேயே உள்ள முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சார் 36 × 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் நீளம் நிக்கானில் சுமார் 23.5 மி.மீ., கேனானில் 22.3. ஆகவே பழைய ஃபிலிம் கேமராக் காலத்தில் 'சாதாரண லென்ஸ்' எனப்பட்ட 50 மி.மீ., இவற்றில் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கமாகக் காட்டும்.

நெருக்கம் என்றால் எவ்வளவு? நிற்கும் ஆளைத் தலைமுதல் கால்வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 50 மி.மீ. லென்ஸுடன் சுமார் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையின் நீளமே 3 மீட்டர்தான். சுவரைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. 35 மி.மீ. என்றால் 2.8 மீட்டர் போதும். வீட்டுக்குள் குழந்தைகளையும் விசேஷங்களையும் எடுப்பவருக்கு 35 மி.மீ. 1.8-தான் சரி என்பேன். மொட்டைமாடி, பூங்கா போன்ற வெட்டவெளியில் முகங்களை எடுப்பவருக்கு 50. இதைக் காசில்லாமல் சோதிக்கலாம்: கிட் லென்ஸை ஒருநாள் 35-லும் மறுநாள் 50-லும் நிறுத்தி, ஜூம் வளையத்தைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள்.

முகத்துக்கு 18 மி.மீ. ஏன் ஆகாது? பழி உண்மையில் தூரத்தின் மேல்தான். அகல லென்ஸில் முகத்தைச் சட்டத்தில் நிரப்ப 40 செ.மீ. வரை நெருங்க வேண்டியிருக்கும். மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருப்பதால், காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அதே வித்தியாசம் 8 சதவீதம்.

பறவை, விளையாட்டு ஆசை இருப்பவர்களுக்கு 55-250 அல்லது 70-300 ஜூம் போதும், பகல் வெளிச்சம் இருக்கும்வரை. 300 மி.மீ. 2.8 லென்ஸ் வேண்டுமென்றால் 300-ஐ 2.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 107 மி.மீ. அந்த அகலத்துக்குக் கண்ணாடி தேய்த்துப் பொருத்த வேண்டியிருப்பதால்தான் விலையும் எடையும் எகிறுகின்றன.

மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய், விஷயத்தில் தவறினால் மொத்தமும் வீண். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் 50 மி.மீ. 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கேனானின் டிஎஸ்எல்ஆர்களுக்கான இஎஃப் லென்ஸ்கள், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ஆர்எஃப் கேமரா உடலில் அடாப்டரோடு வேலை செய்யும். இஎஃப் மவுண்டிலிருந்து சென்சார் 44 மி.மீ. தள்ளி இருக்கிறது, ஆர்எஃப்-ல் 20 மி.மீ.; இடையிலுள்ள 24 மி.மீ.-ஐ அடாப்டர் நிரப்பிவிடும். ஆர்எஃப் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் போட வழியில்லை. கண்ணாடி மடங்கும் இடத்துக்குள் லென்ஸை நுழைக்க வேண்டிவரும்.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதில் தப்பில்லை, கையில் சின்ன டார்ச் இருந்தால். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கம் பாருங்கள். நாலைந்து தூசு படத்தில் தெரியாது. சிலந்தி வலைபோல் கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். திறப்பின் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் வேண்டாம். சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களில் நல்ல லென்ஸும் பீரோவுக்குள் பையோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி வாங்கிவையுங்கள். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடுபடுத்தி உலர்த்திவிட்டுத் திரும்பப் போடவும்.