தேர்தல் அங்கே, வண்டி நிற்பது இங்கே

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களுக்கு உடல்நலப் பணி செய்யும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். 2025 தொடக்கத்தில், அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் அங்கிருந்து வந்த நிதி நின்றதைச் சொல்லப் போனேன். மடியில் சுளகை வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிராமலே கேட்டார்: "எலெக்‌ஷன் அங்கனதான சார் நடந்துச்சு? இங்கன எதுக்கு நம்ம ஆஸ்பத்திரி வண்டி நிக்கி?"

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். பட்ஜெட் பக்கம் முழுக்க என் பேனாக் கோடுகள். நிபந்தனைப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.

உதவிப் பணம், கொடுப்பவரின் அரசியலையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். 1960களின் நடுவில், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, அமெரிக்க அதிபர் ஜான்சன் நமக்கான கோதுமையை மாதாமாதம் அளந்துவிட்டார். 1984இல் அதிபர் ரீகன் ஒரு விதி போட்டார்: அமெரிக்கக் குடும்பநல நிதி வாங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்யவோ அதற்கு வழிகாட்டவோ கூடாது, சொந்தக் காசிலும் கூடாது. நம் நாட்டிலோ 1971 சட்டமே கருக்கலைப்பை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 1993இல் கிளின்டன் விதியை நீக்கினார், 2001இல் புஷ் திரும்பக் கொண்டுவந்தார். அப்புறம் 2009, 2017, 2021, 2025 என்று ஆட்சி மாறும்போதெல்லாம் அதுவும் மாறுகிறது. நம் கிராம செவிலியர் எதைப் பேசலாம் என்பதை எங்கோ ஒரு வாக்குப்பெட்டி முடிவு செய்கிறது.

வாங்கும் பக்கமும் அரசியல்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்தது எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியும் அடைபட்டது. நெல்லைப் பக்கத்துச் சிறு அமைப்புகள் பல அப்படித்தான் பிழைத்தன.

சரி, கொடுப்பவர் கொள்கையெல்லாம் கெடுதலா? அப்படிச் சொல்ல மாட்டேன். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று முன்பு ஒரு நிதியாளர் அடம்பிடித்தார். ஆங்காங்கே முணுமுணுப்பு. அந்த நிபந்தனையால்தான் அந்த அக்கா இன்று செக்கில் கையெழுத்துப் போடுகிறார்.

இப்போது எந்த ஒப்பந்தம் வந்தாலும் நிபந்தனைகளை முதலில் தமிழில் எழுதிக் குழுவில் வாசிக்கிறோம். போன கூட்டத்தில், 'நிதியாளர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்ற வரியில் அந்த அக்கா கையைக் காட்டினார். "எத்தன நாளு முன்னால சொல்லணும்னு போட்டிருக்கா சார்?"

போடவில்லை. கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம்.