சேற்றை மட்டும் அளந்தால் போதுமா? நார்வே ஃபியோர்டுகளின் அடித்தள உயிர்கள்

நார்வேயில் ஒரு சால்மன் பண்ணைக்கு அடியிலுள்ள கடற்தரை 'நன்று' என்று ஆய்வறிக்கை சொன்னால், அது எந்தத் தரையைப் பற்றிய தீர்ப்பு என்று உடனே கேட்க வேண்டும். கடலடி உயிரினங்களைப் பிரித்தெடுத்து இனங்காண்பதே என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அந்த 'நன்று' பெரும்பாலும் சேற்றுக்கு மட்டுமே உரியது.

ஃபியோர்டு என்பது பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்ததால் உண்டானது. சோக்னே ஃபியோர்டின் ஆழம் சுமார் 1,300 மீட்டர்; ஆனால் அதன் வாய்ப்பகுதியில் கடலடித் திட்டு ஒன்று உயர்ந்து நிற்பதால், உள்ளே இருக்கும் ஆழ்நீர் வெளிக்கடலோடு எளிதில் கலப்பதில்லை. அடர்த்தி மிகுந்த கடல்நீர் எப்போதாவது திட்டைத் தாண்டி உள்ளே இறங்கும்போதுதான் அடிநீர் புதுப்பிக்கப்படுகிறது. அதுவரை, மேலிருந்து விழும் கரிமப் பொருள் எதுவாயினும் அது மட்கும்போது அங்கேயே ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கும். கடல் வெப்பமடையும்போது இந்தப் புதுப்பிப்பு அரிதாகிறது என்பதால், இன்று கொட்டப்படும் ஒரு டன் கழிவு முன்பு கொட்டப்பட்டதைவிடக் கூடுதல் சுமையாகிறது.

இந்த அடித்தளத்தை நாங்கள் அறிவது பெரும்பாலும் 'கிராப்' எனப்படும் இரும்புக் கவ்வியால். வடத்தில் இறக்கினால் 0.1 சதுர மீட்டர் பரப்பளவு சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வரும். மேல்மூடியைத் திறந்ததும் முதலில் நிறத்தையும் வாடையையும் குறித்துக்கொள்கிறோம். பிறகு கார அமிலத் தன்மையை அளந்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் கழுவுகிறோம். நலமான சேற்றின் மேற்பரப்பு பழுப்பாகவும் அடியில் சாம்பல் பச்சையாகவும் இருக்கும், வாடையே இராது. மணலைத் துகள் துகளாக ஒட்டிக் கட்டிய புழுக்குழல்கள், உணவைப் பிடிக்கச் சேற்றுக்கு வெளியே கைகளை நீட்டி வாழும், நட்சத்திர மீனுக்கு உறவான நொறுங்கு நட்சத்திரங்கள், தம் செவுள்களில் கந்தக பாக்டீரியாக்களை வைத்து வாழும் சிறு சிப்பிகள் எனப் பற்பல இனங்கள் சல்லடையில் தங்கும். இந்தப் புழுக்களும் சிப்பிகளும் ஓயாமல் வளை தோண்டுவதால்தான் சேற்றின் உள்ளே ஆக்சிஜன் இறங்குகிறது; அவை இல்லாவிட்டால் சேறே மூச்சு முட்டிவிடும்.

சால்மன் வளர்க்கும் வலைக்கூண்டின் நேர் அடியில் நிலைமை வேறு. ஒரு கூண்டில் 2,00,000 மீன்கள் வரை வளர்க்கலாம் என்கிறது நார்வே சட்டம். அவற்றின் கழிவும் தின்னாமல் விழும் தீவனமும் குவியும் இடத்தில் சேறு கருத்து, அழுகிய முட்டை வாடை வீசி, வாயுக் குமிழ்கள் கிளம்பும். பற்பல இனங்கள் இருந்த இடத்தில் கேப்பிடெல்லா என்ற நூல்போன்ற செம்புழு மட்டும் திரளாக நெளியும். நார்வேயின் 'என்எஸ் 9410' தர அளவை இத்தகைய அடையாளங்களை மதிப்பெண்ணாக்கி நான்கு நிலைகளில் தரம் பிரிக்கிறது. இது பயனுள்ள முறை. பண்ணைக்கு ஓய்வு கொடுத்தால் மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ சேறு பெருமளவு மீள்வதை இம்முறையே காட்டுகிறது.

ஆனால் ஃபியோர்டின் பக்கங்கள் செங்குத்துப் பாறைச் சுவர்கள். கிராப் பாறையில் விழுந்தால் வாய் மூடாமல் வெறுமையாக மேலே வரும். அந்தப் புள்ளிக்கு நேரே 'கடினத் தரை' என்று எழுதிவிட்டுப் படகு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். உயிர்கள் மிகச் செழித்திருக்கக்கூடிய இடம் இப்படித்தான் அறிக்கையில் வெற்றிடமாகிறது. என் துறையின் பெருங்குறையாக நான் கருதுவது இதையே.

அந்தச் சுவர்களில் வாழ்பவை என்ன? லோஃபீலியா என்னும் குளிர்நீர்ப் பவளம். சூரிய ஒளியே எட்டாத இருளில், பாசிகளின் துணையின்றி, நீரோட்டம் கொண்டுவரும் மிதவைச் சிற்றுயிர்களைப் பிடித்துண்டு வாழும் பவளம் இது. ட்ரொண்ட்ஹெய்ம் ஃபியோர்டில் டாவுட்ரா தீவருகே சுமார் 40 மீட்டர் ஆழத்திலேயே இது வளர்ந்திருக்கிறது; இப்பவளம் அறியப்பட்ட இடங்களில் மிக ஆழம் குறைந்தது அதுதான். குறுகிய திட்டின்மேல் பாயும் வலுவான நீரோட்டமே காரணம். 2013இல் நார்வே அதைக் கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது நல்ல முடிவு. மற்ற ஃபியோர்டுச் சுவர்களில் கிளைவிட்ட செந்நிறப் பவளங்களும், உருண்டையான பெரிய கடற்பஞ்சுகளும், பாறை விளிம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும் அசெஸ்டா சிப்பிகளும் உள்ளன. இவற்றுக்கு அத்தகைய காவல் எல்லா இடங்களிலும் கிடைத்துவிடவில்லை.

லோஃபீலியா ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரையே வளரும். மேலே படியும் துகளைச் சளி சுரந்து தள்ளிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் துகள் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தால், வளர்ச்சிக்குரிய சக்தியெல்லாம் துப்புரவுக்கே செலவாகும். சேறு மீள்கிறது என்பதை வைத்துப் பவளமும் மீளும் என்று எண்ணுவது, வெட்டிய வயல் மறுபோகம் தருகிறது என்பதால் வெட்டிய ஆலமரமும் அப்படியே தழைக்கும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். கூண்டுகளைவிடப் பெரிய கவலை சுரங்கக் கழிவு. ஃபோர்டே ஃபியோர்டின் சுமார் 300 மீட்டர் ஆழத் தரையில் 25 கோடி டன் வரை சுரங்கக் கழிவைக் கொட்ட 2015இல் நார்வே அரசு அனுமதி வழங்கியது. அந்த அளவில் இறங்கும் நுண்துகள், குவியும் இடத்தைப் புதைப்பது உறுதி. நீரோட்டத்தில் மிதந்து எந்தச் சுவரில் போய்ப் படியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நார்வேயில் இத்தகைய திட்டங்கள் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. அங்குள்ள கடலோர ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன, மீன் தொழிற்சாலைகளில் உழைத்த தலைமுறையும் அவர்களிடையே உண்டு. அறிக்கை கைக்கு வந்ததும் பின்னிணைப்பிலுள்ள வரைபடத்தை முதலில் பாருங்கள். எத்தனை புள்ளிகளில் 'கடினத் தரை' என்று எழுதப்பட்டுள்ளது, அப்புள்ளிகளில் நீர்மூழ்கிக் கேமரா இறக்கப்பட்டதா, அது அடிமட்டத்தில் மட்டும் ஓடியதா, சுவர்வழியே மேல்நோக்கியும் ஏறியதா என்று பாருங்கள். படப்பதிவு இல்லையென்றால், அது வேண்டும் என்று கெடு முடியும் முன் எழுத்தில் கேளுங்கள்; அனுமதி வழங்கிய பிறகு எடுக்கும் படம், எது அழிந்தது என்பதைக்கூடச் சொல்லாது.