ஐக்கியம்: அதற்குள் இருந்த பங்கு எங்கே போயிற்று?

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் சபைகளுக்குப் போனால் இந்தச் சொல் கண்ணில் படாமல் இருக்காது. வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம் என்று பலகையிலேயே இருக்கும். ஆராதனை முடிந்து ஆயர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறும்போதும் அதுதான்: "பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்." பேச்சில் பெலோஷிப் என்போம், எழுதும்போது ஐக்கியம் என்போம். இப்போது வாலிபர் தலைவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அதே பெயர் வந்துவிட்டது.

கேரள எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் உள்ள தலைவர்கள் சேர்ந்த அப்படியொரு குழுவில் நானும் இருக்கிறேன். கோடை முகாம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதிதாகப் பொறுப்புக்கு வந்த ஒரு தம்பி, "முகாம் கணக்கை எப்போ போடுவீங்க?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். மூத்தவர் ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஐக்கியத்தைக் குலைக்கும் பதிவுகள் வேண்டாம்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அன்று இரவே தம்பி குழுவை விட்டு விலகினார். நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார், மலையாளத்தில். "கூட்டாய்மயில் கணக்கு சோதிக்கான் பாடில்லே?" கூட்டாய்மையில் கணக்குக் கேட்கக் கூடாதா என்கிறார். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் இந்தப் பக்கம், தமிழகத்துக்கு வந்தன, பாறசாலை அந்தப் பக்கம் கேரளத்தில் நின்றது. அதனால் ஒரே வேத வார்த்தையை நாங்கள் ஐக்கியம் என்கிறோம், அவர்கள் கூட்டாய்ம என்கிறார்கள். அவருடைய சொல்லுக்குள் கணக்குக் கேட்க இடம் இருந்தது. எங்கள் சொல்லுக்குள் ஏன் இல்லாமல் போயிற்று?

ஐக்கியம் வடசொல். ஒன்று என்று பொருள்படும் ஏகம் என்பதிலிருந்து பிறந்தது. ஒன்றாய் இருப்பது, ஒன்றாகிவிடுவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன்பே சைவர்கள் புழங்கிய சொல் அது. ஆன்மா சிவத்தோடு ஐக்கியமாகும் என்பார்கள், வீரசைவர்கள் லிங்க ஐக்கியம் என்பார்கள். ஆறு கடலில் கலந்த பிறகு ஆற்றுநீர் எது என்று கேட்க முடியாது, அப்படிப்பட்ட ஒன்றாதல். அழகான சொல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டில் இந்த இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் வேறொரு திசையைப் பார்க்கிறது.

அந்தச் சொல் கொயினோனியா. அதன் வேர் கொயினோஸ், அதாவது பொது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட சாதாரணக் கிரேக்கத்துக்கே பொதுமொழி என்ற பொருளில் கொயினே என்றுதான் பெயர். ஆக, கொயினோனியா என்றால் ஒரு பொருளைப் பலர் பொதுவாக வைத்துக்கொள்வது, அதில் ஆளுக்கொரு பங்கு இருப்பது. பங்காளிகள் பலராகவே இருப்பார்கள், அவர்கள் நடுவே இருக்கும் பொருள்தான் பொது.

இது நம் தமிழ் வேதாகமத்துக்கும் தெரியும். நாம் இன்றும் வாசிக்கும் பழைய திருப்புதல், அதாவது மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் முன்நின்று 1871இல் முடித்தது. பல சபையார் சேர்ந்து செய்ததால் அதையே ஐக்கியத் திருப்புதல் என்றும் சொல்வார்கள். அதில் இந்த ஒரே கிரேக்கச் சொல் இடத்துக்கு இடம் வேறு உடுப்பில் வருகிறது. யோவானின் முதல் நிருபத்தில் ஐக்கியம். அப்போஸ்தலர் 2:42இல் அந்நியோந்நியம். எருசலேமின் ஏழைகளுக்கு மக்கெதோனியாக்காரர் பணம் சேர்த்ததைச் சொல்லும் ரோமர் 15:26இல் பொருள் சகாயம். அதே பணத்தைப் பற்றிப் பேசும் 2 கொரிந்தியர் 8:4இல் பங்கு. எபிரெயர் 13:16இல் தானதர்மம். லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்' என்று இருக்கிறதே, அங்கேயும் இதே வேர்தான், படகிலும் வலையிலும் பங்குள்ளவர்கள் என்ற பொருளில்.

இந்தக் கடைசி இடத்தை விளக்க எங்கள் மாவட்டத்தில் அகராதி வேண்டாம், குளச்சலுக்கோ முட்டத்துக்கோ போனால் போதும். மீன் விற்ற பணத்தில் வள்ளத்துக்கும் வலைக்கும் ஒதுக்கியது போக ஏறிய ஆட்களுக்குப் பங்கு. யார் யாருக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும், சந்தேகம் வந்தால் கரையிலேயே கேட்டுவிடுவார்கள். கேட்டவனைப் பார்த்து, நீ கூட்டைக் கலைக்கிறாய் என்று யாரும் சொல்வதில்லை. மறுநாள் விடியுமுன் அதே ஆட்கள் அதே வள்ளத்தில் ஏறுகிறார்கள். கத்தோலிக்கர்கள் ஒரு கோவிலைச் சேர்ந்த மக்களைப் பங்கு என்றும் அவர்களுடைய குருவைப் பங்குத்தந்தை என்றும் அழைக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் பலகையிலும் அது இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

பெலோஷிப் என்ற ஆங்கிலச் சொல்லும் பங்கில் பிறந்ததுதான். அதன் முதல் பாதியான பெலோ, ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் இருந்த பேலகி என்ற சொல்லிலிருந்து வந்தது. அதில் பே என்றால் கால்நடை, செல்வம். லக் என்றால் வைத்தல், இடுதல். தன் சொத்தை இன்னொருவன் சொத்தோடு சேர்த்து வைத்துத் தொழில் செய்பவன்தான் பேலகி. கால்நடையே செல்வம் என்பது நமக்கும் புதிதல்ல. கல்வியைப் பற்றிய குறளில் "மாடல்ல மற்றை யவை" என்று வள்ளுவர் சொல்லும் மாடு செல்வம்தானே. கிரேக்கம், நோர்ஸ், குளச்சல் கடற்கரை மூன்றிலும் உறவு ஒரு பொதுப்பொருளைச் சுற்றி நிற்கிறது. ஐக்கியம் என்ற சொல்லில் மட்டும் அந்தப் பொருள் மறைந்து, ஒன்றாய் இருப்பது மட்டும் மிஞ்சிவிட்டது. அப்புறம் யார் வேறுபட்டு ஒரு வார்த்தை சொன்னாலும், ஒன்று இரண்டாகிறது என்ற பயம் வந்துவிடுகிறது. அந்த மூத்தவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. சொல் அவரை அப்படி எழுதவைத்தது.

அந்நியோந்நியத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுப் பேச்சில் அது புருஷன் பெண்டாட்டிக்கு ஒதுக்கிய சொல்லாகிவிட்டது. ஆனால் அதற்குள் அன்ய என்ற சொல் இரண்டு முறை இருக்கிறது. மற்றவர், மற்றவர். ஒருவருக்கொருவர் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பேர் இரண்டு பேராகவே இருக்க வேண்டும். ஐக்கியம் மறந்ததை இது நினைவில் வைத்திருக்கிறது.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இரண்டு சொல்லும் சேர்ந்தே வருகின்றன. யாக்கோபும் கேபாவும் யோவானும் பவுலுக்கும் பர்னபாவுக்கும் அந்நியோந்நிய ஐக்கியத்துக்கு அடையாளமாக வலதுகை கொடுத்தார்கள் என்கிறது ஒன்பதாம் வசனம். பதினோராம் வசனத்துக்குப் போனால், அதே கேபாவை, அதாவது பேதுருவை, அந்தியோகியாவில் பவுல் முகமுகமாய் எதிர்க்கிறார். கைகொடுத்ததும் எதிர்த்ததும் இரண்டு வசன இடைவெளியில். எதிர்த்ததால் ஐக்கியம் குலைந்தது என்று பவுல் எங்கும் எழுதவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மத்தேயு 18:15இல் இயேசு, தப்பு செய்த சகோதரனிடம் போய், தனித்திருக்கையில் உணர்த்து என்கிறார். பவுலோ பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். எதைப் பின்பற்றுவது? கொயினோஸ் என்ற வேர்தான் இங்கே எனக்கு உதவியது. பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிடுவதை விட்டு விலகினார், மற்றவர்களும் அவர் பின்னால் விலகினார்கள். அது எல்லாரும் உட்காரும் பொதுப் பந்தி, ஆகவே பொதுவில் கேட்டார். மத்தேயுவில் வருவது உனக்கு விரோதமாக ஒருவன் செய்தது, ஆகவே தனியே. முகாம் பணம் எல்லாரும் போட்ட பணம், அதைக் குழுவில் கேட்பதும் குழுவிலேயே பதில் சொல்வதும் சரி. ஒரு அக்கா பாட்டை மாற்றிப் பாடிவிட்டார், ஒரு தம்பி பொறுப்பை ஏற்றுவிட்டு வரவில்லை என்றால் அது போனில் பேசவேண்டியது, முடிந்தால் நேரில். அதைக் குழுவில் போட்டு, நான்கு பேர் சிரிக்கும் படம் போட்டு, யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவுக்கு அனுப்பினால், ஒரு பிள்ளையை இழந்துவிடுவோம். நான் பார்த்திருக்கிறேன்.

நட்பைப் பற்றிய குறளும் "மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்கிறது. நண்பன் எல்லை மீறும்போது முன்னே போய்க் கண்டிப்பதற்குத்தான் நட்பு. மேற்சென்று என்பதையும் மத்தேயுவின் 'அவனிடத்தில் போய்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கண்டிக்கிறவர்தான் முதலில் நடக்க வேண்டும் என்று தெரிகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வரியைத் தட்டிவிடுவது நடந்து போவது ஆகாது.

எப்படிப் பேசுவது என்பதற்கு எபேசியர் 4:29இல் ஒரு சொல் இருக்கிறது: பக்திவிருத்தி. கிரேக்கத்தில் அது ஒய்கொதொமே, நேர்ப்பொருள் வீடு கட்டுதல். கட்டிடம் என்ற எண்ணம் தமிழில் விழுந்துபோய், பக்தி மட்டும் நின்றுவிட்டது. அதனால்தானோ என்னவோ, வசனப் படம் ஒன்றை அனுப்பினால் பக்திவிருத்தி என்றும், கணக்கையோ திட்டத்தையோ பற்றிப் பேசினால் அது வேறு என்றும் நினைக்கிறோம். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, இந்த வரிசை சாய்ந்திருக்கிறது என்று சொல்வதும் கட்டுவதில் சேர்ந்ததுதான்.

சரி, கொயினோனியாவுக்குத் தமிழில் எதைச் சொல்வது? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் நட்புறவு என்று எடுத்தது. இதமான சொல், ஆனால் பங்கு அதில் இல்லை. தோழமையும் அப்படியே. மலையாள வேதாகமத்தின் கூட்டாய்ம எனக்குப் பிடிக்கும். கூட்டு என்ற வேர் நம்முடையது. நம் நன்மை அங்கே நன்ம ஆவதுபோல மை என்ற ஈறுதான் அங்கே ம ஆகியிருக்கிறது. எங்கள் பக்கம் நண்பனைக் கூட்டுக்காரன் என்று சொல்வதால் காதுக்கும் அந்நியம் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் கூட்டுறவு என்பேன். வங்கியும் ரேஷன் கடையும் அதை எடுத்துக்கொண்டன, உண்மைதான். அதற்காக நாம் விட வேண்டியதில்லை. மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப் பணியைத் தொடங்கியபோது தேனீ வளர்ப்பும் கூட்டுறவும் கைகோத்தே வந்தன. பெட்டி அவரவர் தோட்டத்தில் இருக்கும், தேன் பொதுவில் சேரும், பணம் பங்காகத் திரும்பி வரும். அந்தப் பணியைச் செய்தவர்கள் அதைச் சுவிசேஷத்துக்கு வெளியே உள்ள வேலையாகப் பார்க்கவில்லை.

பலகையை மாற்றச் சொல்லவில்லை. ஆசீர்வாதத்தில் ஐக்கியம் என்றே கேட்க ஆசைப்படுகிறேன், சிறுவயதிலிருந்து கேட்ட சொல். ஆனால் தலைவர்கள் கூடும்போது, ஐக்கியம் என்றால் இங்கே பங்கு என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எருசலேமுக்குப் போன அந்தப் பணத்தின் விஷயத்தில், யாரும் குற்றம் சொல்லாதபடி பவுல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்பி எச்சரிக்கையாக இருந்தார். 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதையும் வாசிக்கிறேன்.

முகாம் கணக்கு பிறகு குழுவில் வந்தது, ஒரு குறையும் இல்லை. அந்தத் தம்பியைத் திரும்பச் சேர்க்க அழைப்பு அனுப்பினோம், அவர் தொடவில்லை. நான் களியக்காவிளை வரை போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடித்தபடி ரொம்ப நேரம் வேறு எதையெதையோ பேசினார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "அவங்க சொன்னது எனக்குப் பெரிசா இல்லை அண்ணா. நீங்க குழுவில இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும் தம்பி" என்றேன்.