27ஆம் நம்பர் சிஸ்டத்தில் நீங்கள் விட்டுப்போனவை

சாயங்காலம் நாலரை மணிக்குக் கடைசி பேட்ச் கிளம்பியதும் லேபை ஒரு சுற்று சுற்றி வருவது என் வழக்கம். அறுபது சிஸ்டம். ஒவ்வொன்றாக ஷட்டவுன் கொடுத்துக்கொண்டே போனால் இருபது நிமிடத்தில் முடிந்துவிட வேண்டிய வேலைதான். ஆனால் எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, ஏனென்றால் எட்டு பத்து சிஸ்டத்திலாவது யாராவது ஒருவருடைய ஜிமெயில் அப்படியே திறந்து கிடக்கும், அதை நானே சைன் அவுட் செய்தால்தான் எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரும். போன வெள்ளிக்கிழமை 27ஆம் நம்பர் சிஸ்டத்தில் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப் வெப் ஓடிக்கொண்டிருந்தது. நான் மவுஸைத் தொடுவதற்குள் 'அம்மா' என்ற பெயரில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது: பஸ் ஏறிட்டியா?

அந்தப் பெண் பஸ் ஏறியிருப்பாள். அவளுடைய மொத்த சாட்டும் ஏறவில்லை, இங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருஷமாக லேப் அட்மின் வேலை பார்க்கிறேன். வைரஸ், ஹேக்கிங் பற்றியெல்லாம் வருஷா வருஷம் செமினார் நடத்துகிறார்கள், கருப்பு ஹூடி போட்டவன் இருட்டில் உட்கார்ந்து தட்டுவது போல ஒரு படத்தைத் திரையில் காட்டுகிறார்கள். நான் பார்த்த வரை மாணவர்களுக்கு வந்த வினை எதுவும் அந்த ஹூடிக்காரனால் வந்ததில்லை. எழுந்து போகும்போது எதையோ விட்டுவிட்டுப் போகிறீர்கள், பத்து நிமிடத்தில் அடுத்த பேட்ச் வந்து அதே நாற்காலியில் உட்காருகிறது. கதை அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "போன் என் கையில்தானே இருக்கிறது, நான் வெளியே போனதும் கட் ஆகிவிடும்" என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அந்தக் காலம். இப்போது போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும், போனில் நெட்டே இல்லாவிட்டாலும், இணைத்த கம்ப்யூட்டரில் சாட் வந்துகொண்டே இருக்கும். போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் வைத்தால் இணைப்பு தானாகவே போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் எந்த மாணவன் 14 நாள் போனைத் தொடாமல் இருக்கப் போகிறான்? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் லிங்க்டு டிவைசஸ் என்று இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் அங்கே உட்கார்ந்திருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள். படிப்பதை அப்புறம் தொடரலாம்.

அடுத்தது டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடும் சீசனில் எங்கள் லேபின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தால் ஒரு தாலுகா அலுவலகமே உள்ளே இருக்கும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், மார்க் ஷீட், எல்லாவற்றுக்கும் மேலாக இ-ஆதார். "அண்ணா, அதுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே" என்றான் ஒருவன். இருக்கிறது. பெயரின் முதல் நான்கு எழுத்து கேப்பிட்டலில், கூடவே பிறந்த வருஷம். உன் பெயர் உன் வகுப்பில் யாருக்குத் தெரியாது தம்பி? பிறந்த வருஷமும் ஒன்றிரண்டு முன்பின் அடித்துப் பார்த்தால் திறந்துகொள்ளும். அது பூட்டு இல்லை, கதவில் கட்டிய நூல்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது: பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை டவுன்லோட் செய்யாதீர்கள், செய்தால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவிப்பு போனாலும் அறிவுரை நல்ல அறிவுரைதான். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது, ஏற்றுக்கொள்கிற இடங்களில் அதைக் கொடுங்கள். அழிக்கும்போது டெலிட் மட்டும் அழுத்தினால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். டெஸ்க்டாப்பிலும் டி டிரைவிலும் காப்பி போட்டீர்களா என்று ஒரு தடவை தேடியும் பாருங்கள். எங்கள் லேப் டி டிரைவில் உங்கள் சீனியர்களின் சீனியர்கள் போட்ட ஃபோல்டர்கள் இன்னும் கிடக்கின்றன.

குரோம் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், இது நிறைய பேருக்குப் புரியாமலே நடக்கிறது. மெயில் பார்க்கத்தான் உள்ளே போகிறீர்கள். நடுவில் குரோம் ஏதோ கேட்கிறது, படிக்காமல் 'யெஸ்' அழுத்திவிடுகிறீர்கள். அவ்வளவுதான், உங்கள் போனில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் மொத்தமும் லேப் கம்ப்யூட்டருக்கு இறங்கி வந்துவிடலாம். செட்டிங்ஸில் போய்க் கண் படத்தை அழுத்தினால் எழுத்து எழுத்தாகத் தெரியும். அதற்கு முன் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்குமே என்பீர்கள். கேட்கும். எங்கள் லேபில் எல்லோருக்கும் ஒரே பொது லாகின், அதன் பாஸ்வேர்டை வெள்ளைப் பலகையின் மூலையில் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம். வேறு நிறைய கல்லூரிகளிலும் இதே நிலைமைதான். இது எங்கள் பக்கத்துத் தப்பு, மறைக்க ஒன்றுமில்லை. ஆளுக்கொரு லாகின் கேட்டு நானும் வருஷா வருஷம் லெட்டர் எழுதுகிறேன், அது ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

அதனால் லேபில் குரோமைத் திறந்ததும் மேலே வலது பக்கம் இருக்கும் புரொஃபைல் படத்தைத் தொட்டு 'கெஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் எல்லா கெஸ்ட் ஜன்னலையும் மூடிவிட்டால் லாகினும் ஹிஸ்டரியும் போய்விடும். இன்காக்னிட்டோவும் பரவாயில்லை, ஆனால் ஒரு டேபை மட்டும் மூடிவிட்டு எழுந்து போனால் பிரயோஜனம் இல்லை, கடைசி ஜன்னல் வரைக்கும் மூட வேண்டும். இரண்டிலுமே டவுன்லோட் செய்த ஃபைல் மட்டும் எங்கேயும் போகாது. அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

பாஸ்வேர்டு திருட்டு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்று ஒரு சிஸ்டம் இருந்தது, பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொள்ள ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு, அவரவருக்குப் பாஸ்வேர்டு. அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. 1962இல் அவர், ஃபைல்களை அச்சடித்துக் கொடுக்கும் வசதிக்குத் துளையட்டையில் ஒரு கோரிக்கை போட்டு, பாஸ்வேர்டு ஃபைலையே பிரிண்ட் எடுத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து அவரே வெளியே சொன்ன கதை இது. கூடுதல் லேப் நேரத்துக்காக நடந்த திருட்டு! எங்கள் லேபிலும் பசங்க இன்னொருவன் லாகினைத் தேடுவது பெரும்பாலும் நெட் கோட்டா தீர்ந்துபோனால்தான். அறுபது வருஷமாகியும் காரணம் மாறவில்லை.

ஆனால் எல்லாமே விளையாட்டோடு நிற்பதில்லை. சில வருஷம் முன்னால் ஒரு ஃபைனல் இயர் மாணவி மெயிலை மூடாமல் போய்விட்டாள். அன்றைக்குப் பிளேஸ்மென்ட்டிலிருந்து, திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு வருகிறாயா என்று உறுதி கேட்டு மெயில் வந்திருந்தது. அடுத்து வந்து உட்கார்ந்த எவனோ, 'நாட் இன்ட்ரஸ்டட்' என்று பதில் அடித்து அனுப்பிவிட்டு, அனுப்பிய மெயிலையும் அழித்துவிட்டான். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அயர்ன் செய்த சுடிதாரோடு ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வெளியே நின்றாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியில் உள்ளே விட்டார்கள், ஆனால் அழுத கண்ணோடு போனவள் என்ன பேசியிருப்பாள்?

யார் செய்தது என்று கண்டுபிடிக்க லாக் புக்கை எடுத்தேன். உங்களுக்கே தெரியும் லாக் புக்கின் லட்சணம். உள்ளே வரும்போதே வெளியே போகும் நேரத்தையும் எழுதிவிடுகிறீர்கள், முதல் ஆள் எழுதியதற்குக் கீழே மற்ற எல்லோரும் இரண்டு கோடு இழுத்துவிடுகிறீர்கள், 17இல் உட்கார்ந்துவிட்டு 27 என்று எழுதுகிறீர்கள். அன்றைய பக்கத்தில் 27ஆம் நம்பர் சிஸ்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்! சந்தேகம் வேறொரு பையன் மேல் விழுந்தது, அவன் அன்றைக்கு லேபுக்கே வரவில்லை, நண்பன் அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை நிரூபிக்க அவன் பட்ட பாடு தனிக்கதை. ஆகவே அந்த நோட்டில் சிஸ்டம் நம்பரைச் சரியாக எழுதுவது எனக்காக இல்லை, உங்களுக்காக. இன்னொருவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'சும்மா தமாஷுக்கு' என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

லேபில் உட்கார்ந்து பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்று சொன்னால் "வைஃபை நல்லா இருக்குண்ணா" என்கிறார்கள். கீபோர்டு ஒயருக்கும் சிபியுவுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவு ஒரு சின்னக் கட்டை செருகினால் போதும், நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அதில் பதிவாகும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் இப்படிப்பட்ட கருவியை வைத்து ஆசிரியர்களின் பாஸ்வேர்டை எடுத்து, தொண்ணூறு தடவைக்கு மேல் மார்க்கை மாற்றியதாக 2017இல் வழக்குப் போட்டார்கள். ஆன்டிவைரஸுக்கு இந்தக் கட்டை தெரியாது. உட்காரும்போது குனிந்து பின்பக்கம் ஒரு பார்வை பாருங்கள், சந்தேகமாக எது இருந்தாலும் பிடுங்காமல் என்னைப் போன்ற ஆளைக் கூப்பிடுங்கள். ஜிமெயிலுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு முறையும் உறுதி கேட்கும் ஏற்பாடு, போட்டு வைத்திருந்தால் பாஸ்வேர்டு தெரிந்தாலும் அவ்வளவு சுலபத்தில் உள்ளே வர முடியாது.

அப்புறம் பென்டிரைவ். ரெக்கார்டு சப்மிஷன் வாரத்தில் ஒரே பென்டிரைவ் இருபது சிஸ்டத்துக்குள் போய் வரும், ஊர்த் திருவிழாவில் ஒரே டம்ளரில் மோர் குடித்த மாதிரி. ஷார்ட்கட் வைரஸ் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபோல்டரெல்லாம் அம்புக்குறியோடு தெரிந்தால் பதறி ஃபார்மட் அடிக்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் உள்ளேயேதான் இருக்கும், ஒளித்து வைத்திருக்கிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் தெரியும். அந்த ஷார்ட்கட்டைத் தொட்டுத் தொட்டுத் திறப்பதுதான் ஆபத்து, ஒவ்வொரு தடவையும் முதலில் வைரஸை ஓடவிட்டு அப்புறம்தான் ஃபோல்டரைக் காட்டும், அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

எதிர்ப்பக்கத்துத் தலைவலியையும் சொல்ல வேண்டும். எங்கள் மாடி லேபில் டீப் ஃப்ரீஸ் என்ற சாஃப்ட்வேர் போட்டிருக்கிறோம், ரீஸ்டார்ட் ஆனதும் சி டிரைவ் பழையபடி ஆகிவிடும். எனக்கு அது வரம். ஆனால் மூன்று மணி நேரம் அடித்த புராஜெக்ட் ரிப்போர்ட்டை டெஸ்க்டாப்பில் சேவ் செய்துவிட்டுச் சாப்பிடப் போன பையனுக்கு? கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, சிஸ்டம் திரும்ப ஏறியபோது டெஸ்க்டாப் துடைத்த பலகை மாதிரி இருந்தது. வயிற்றைக் கலக்கும் அந்த அனுபவம் வேண்டாமென்றால், லேபில் எந்த டிரைவ் தங்கும், எது தங்காது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை உங்களுக்கே ஒரு மெயில் போட்டுக்கொள்வதிலும் தப்பில்லை.

சரி, ஏற்கெனவே மறந்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்தாயிற்று என்றால் ஓடி வர வேண்டாம், ஆறு மணிக்கு லேப் பூட்டியிருக்கும். போனிலேயே கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போனால் எந்தெந்தக் கருவியில் உள்ளே இருக்கிறீர்கள் என்று பட்டியல் வரும், லேப் சிஸ்டத்தை அங்கிருந்தே சைன் அவுட் செய்யலாம். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யோசிக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள்.

என் மேசை டிராயரில் இப்போது பதினோரு பென்டிரைவ் கிடக்கிறது. 'யாருடையது என்று சொருகிப் பார்த்துச் சொல்லலாமே அண்ணா' என்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 297 பென்டிரைவை வளாகத்தில் வேண்டுமென்றே போட்டுவிட்டு ஓர் ஆய்வு செய்தார்கள், ஏறக்குறைய பாதியை எடுத்தவர்கள் சொருகி ஃபைலைத் திறந்தும் பார்த்துவிட்டார்கள், முதலாவது ஆறு நிமிடத்துக்குள்ளேயே! நான் சொருக மாட்டேன். சிவப்புக் கயிறு கட்டியது ஒன்று, மூடி இல்லாதது நான்கு, பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியது ஒன்று. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், வரும்போது லாக் புக்கில் சரியான நேரம் எழுதுங்கள்.