பேர் பதியாத சம்பளம்

கொழும்பு, புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும், மலையகத்துப் பொகவந்தலாவை இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். மாதம் 35,000 ரூபாய் கையில் கிடைக்கிறது. சட்டம் சொல்லும் தொகையைவிட அது கூடுதல் என்பதால் தனக்கு முறையிட உரிமை இல்லை என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். இலங்கையில் 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச வேதனம் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய் என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வாதம் சரிபோலவே தோன்றும்.

அவர் வாரத்தில் ஆறு நாளும், சாப்பாட்டு நேரம் போக நாளுக்குப் பத்து மணித்தியாலம் வேலை செய்கிறார். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை வாரம் 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அவ்வாறு பிரித்துப் பார்த்தால் அவருடைய 35,000 ரூபாயில் 45 மணித்தியால வேலைக்கு உரிய பங்கு ஏறக்குறைய 23,300 ரூபாய்தான். நியமனக் கடிதமோ சம்பளப் பட்டியலோ அவரிடம் இல்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைக் குறிப்பிட்டு, "ஈ.பி.எப். புத்தகத்திலே என்ட பேர் இல்லையாம், சேர்" என்றார்.

மலையகத்தில் ஒரு நாள் வேலையையே "பேர்" என்பார்கள். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாயாக்கப்பட்ட பின், பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்தின் கிலோக் கணக்குக் கூட்டப்பட்டதாகவும், அதை எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போடப்பட்டதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. மலையில் கிலோவைக் கூட்டிச் செய்ததைக் கொழும்பில் மணித்தியாலத்தைக் கூட்டிச் செய்கிறார்கள். சம்பள உயர்வை அறிவிக்கும்போது தொகையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அந்தத் தொகைக்கு எவ்வளவு வேலை வாங்கப்படுகிறது என்பதைக் கேட்பதில்லை. என் அனுபவத்தில், உயர்வின் பயன் கரைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குறைந்தபட்ச வேதனமே பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. பேர் பதியப்பட்ட ஊழியருக்கு அது உண்மையான பாதுகாப்பு. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாயானால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் சேர்ந்து மாதம் 6,000 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 900 ரூபாயும் சேரும். அடிமட்டச் சம்பளம் உயரும்போது பதிவுபெற்ற ஊழியர்களிடையே ஏற்றத்தாழ்வும் குறைகிறது. ஒரு கடையில் பத்து வருடம் உழைத்து 32,000 ரூபாய் வாங்குபவர், நேற்று வந்தவரோடு ஏறக்குறையச் சமமாகி மனம் நோவதும் நடக்கிறது. அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஆனாலும் அதைக் காரணம் காட்டி அடிமட்டத்தைத் தாழ்த்திவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வறுமையின் கணக்கு வேறு. சம்பளம் தனியாளுக்குரியது, வறுமை குடும்பத்துக்குரியது. இரண்டு பேர் உழைக்கும் வீட்டை 30,000 ரூபாய் தாங்கிப் பிடிக்கும். ஒருவரே உழைத்து ஐந்து பேர் சாப்பிடும் வீட்டை அது கரையேற்றாது. நாட்டின் உழைப்பாளரில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். சொந்தமாக முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கோ நடைபாதை வியாபாரிக்கோ சம்பளம் கொடுக்க ஒரு முதலாளியே இல்லை. வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கென்று, தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபையும் இல்லை. உலக வங்கியின் கணிப்பில் 2019இல் 11.3 சதவீதமாக இருந்த வறுமை 2023இல் 25.9 சதவீதமாக ஏறியதில், இந்தச் சட்டம் எட்டாத வீடுகள் ஏராளம்.

விலைவாசியும் சட்டத்தை முந்திவிடுகிறது. 2016இல் 10,000 ரூபாயாகத் தொடங்கிய குறைந்தபட்ச வேதனம் 2021இல் 12,500 ரூபாயாகவும், 2024இல் 17,500 ரூபாயாகவும் ஆனது. பின்னைய இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் கொழும்பின் விலைகள் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டன. சம்பளமோ 40 சதவீதம்தான் கூடியது. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை ஊழியர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசின் வரம்புக்கு உட்பட்ட தொழில்களில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் விலைச்சுட்டெண்ணைப் பார்த்து அகவிலைப்படியைத் திருத்துகிறார்கள். அத்தகைய ஏற்பாடு இங்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை, வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: நியமனக் கடிதத்தைக் கேளுங்கள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள், வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அன்றன்றே எழுதிவையுங்கள். சேமலாப நிதியைக் கட்டத் தவறும் தொழில்தருநர், தாமதத்துக்கு ஏற்ப 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் செலுத்த நேரிடும். நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்திலோ அருகிலுள்ள தொழில் அலுவலகத்திலோ முறைப்பாடு செய்யலாம்.

அந்த இளைஞர் நேரங்களை ஒரு சிறு கொப்பியில் ஏழு மாதமாக எழுதிவைத்திருந்தார். முறைப்பாட்டுக்கு அதையே முதல் ஆவணமாக இணைத்தோம். அவரோடு அதே கடையில் நிற்கும் மற்ற நால்வரையும் அழைத்துவரச் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் இன்னும் ஒருவரும் வரவில்லை.